ஒற்று ஏன் இரட்டுகின்றது?

பெரிது, அதனினும் பெரிது, எல்லாவற்றினும் பெரிது என்னும் மூன்று படிகளை அறியாத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை. இரண்டு மாம்பழங்களை நீட்டினால், எழுத்தறியாப் பருவத்துப் பிள்ளையுங்கூடப் பெரியதன் மேலேயே கைவைக்கும். ஒப்பிடுதல் மனித அறிவின் முதற் றொழில்களுள் ஒன்று. ஆகவே, ஆங்கில வகுப்பிலே ஒப்புமைச் சொற்களைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் புதிய கருத்தொன்றைப் புகட்ட வேண்டியவரல்லர். கருத்து முன்னரே பிள்ளையிடம் உளது. அதனை ஆங்கிலம் எழுத்தில் வடிக்கும் முறைதான் புதிது. இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகின்றது.

அந்த இடர்ப்பாடு எத்தகையது என்பதை ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் சொல்வதெழுதற் கொப்பிகளைப் புரட்டிப் பார்ப்போர் நன்கறிவர். பெரிது எனப் பொருள்படும் 'பிக்' என்னும் சொல்லைப் பிழையின்றி எழுதிய பிள்ளை, 'பிக்கர்' என எழுதுகையில் ஜீ என்னும் எழுத்தை ஒருமுறை மட்டுமே இடுகின்றது. சிவப்பு மை அதன்மேல் ஓடுகின்றது. மறுநாள் அதே பிள்ளை, இரட்டித்தலே முறையென எண்ணி, தூய்மையைக் குறிக்கும் 'கிளீன்' என்னும் சொல்லை நீட்டி எழுதும்போது ஈற்றிலுள்ள என் என்னும் எழுத்தை இரட்டுகின்றது. மீண்டும் சிவப்பு மை. 'நைஸ்' என்பதன் ஈற்றில் ஓசையின்றி நிற்கும் ஈ என்னும் எழுத்தை விடாது வைத்துக்கொண்டு, மற்றோர் ஈயையும் அதன் பின்னே சேர்க்கின்றது. 'ஹாப்பி' என்பதன் ஈற்றிலுள்ள வை என்னும் எழுத்தை மாற்றாது விட்டுவிடுகின்றது. நான்கு நாட்களில் நான்கு திருத்தங்கள். ஐந்தாம் நாள் பிள்ளை தானே ஒரு தீர்ப்பைச் சொல்லிக்கொள்கின்றது: ஆங்கிலத்துக்கு நியாயம் கிடையாது, அது எனக்கு வராது.

இத்தீர்ப்பு சிறியதன்று. நமது நாட்டிலே 1945 ஆம் ஆண்டிலிருந்து கல்வி இலவசமாயிற்று. பாடசாலைக் கதவுகள் ஏழைப் பிள்ளைக்கும் திறந்தன. ஆயினும் ஆங்கிலம் மட்டும் நெடுங்காலம் நகரத்துப் பெரிய கல்லூரிகளின் உள்ளறையிலேயே தங்கிவிட்டது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று பட்டப்பெயர் வைத்துள்ளனர். கடுவ என்றால் வாள். அறிந்தவன் கையில் அது ஆயுதம். அறியாதவன்மேல் அது விழுகின்றது. தமிழ் மாணவரின் அனுபவமும் இதனின் வேறன்று. அந்த வாளின் முதற் கீறல் சிறுபிள்ளையின் கொப்பியிலேயே விழுந்துவிடுகின்றது என்பதை எண்ணும்போது, ஓர் எழுத்து இரட்டுவதும் இரட்டாததும் அற்பமான செய்திகளாகத் தோன்றவில்லை.

மேலே சொன்ன நான்கு விதிகளும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதியனவல்ல. அவற்றைத் தன் தாய்மொழியில் அப்பிள்ளை நாள்தோறும் பிழையின்றி ஆண்டுகொண்டிருக்கின்றது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருவிலே போகும் ஊர்திகளிலிருந்து தொடங்குவோம். நமது பிள்ளைகள் 'பஸ்ஸிலே வந்தேன்' என்கின்றனர். 'பஸ்ஸை விட்டுவிட்டேன்' என்கின்றனர். 'பஸிலே' என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் 'காரிலே', 'வானிலே' என்று சொல்லும்போது அவ்வாறு ஒற்றை இரட்டுவதில்லை. 'சைக்கிளிலே' என்னும்போதும் இரட்டுவதில்லை. இவையாவும் வேற்றுமொழிச் சொற்கள். இவற்றுக்கு எந்த ஆசிரியரும் விதி கற்பித்திலர். பின் எதனால் பிள்ளை பஸ்ஸை மட்டும் இரட்டியது?

விடை நம் பழைய இலக்கணத்திலே உளது. ஒரு சொல் தனியொரு குற்றெழுத்தும் அதன்பின் ஒரு மெய்யுமாக அமைந்து, அடுத்து உயிரெழுத்து வந்து சேருமாயின், அந்த மெய் இரட்டும். கல் என்பது கல்லை என்றும், மண் என்பது மண்ணில் என்றும், பல் என்பது பல்லால் என்றும் ஆவது இவ்விதியாலேதான். கால், நூல் என்பனவற்றில் முன்னே நிற்பது நெட்டெழுத்து. ஆதலால் காலை, நூலை என ஒற்று ஒற்றையாகவே நிற்கின்றது. கடல், விரல் என்பனவற்றில் எழுத்துக்கள் மிகுதி. குறில் தனித்து நிற்கவில்லை. ஆதலால் கடலை, விரலை என்கின்றோம். அடுத்து வருவது உயிராக இல்லாவிடினும் இவ்விரட்டல் இல்லை. கண் என்பது கண்ணை என்றாகும். ஆனால் கண்கள் என்னும்போது ணகரம் ஒன்றே.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ஒப்புப் படியைக் காட்டும் 'அர்' என்னும் ஈறும், உச்சப் படியைக் காட்டும் 'எஸ்ட்' என்னும் ஈறும் எழுத்திலே ஈ என்னும் உயிரெழுத்தைக் கொண்டே தொடங்குகின்றன. பிக், தின், ஹொட், வெட், சாட் என்னும் சொற்களை நோக்குக. ஒவ்வொன்றும் ஓரசைச் சொல். நடுவிலே ஒரே உயிரெழுத்து. அது குறுகிய ஓசை. அதன்பின் ஒரே மெய். இவை யாவும் ஈற்றெழுத்தை இரட்டுகின்றன. கிளீன், சீப், கூல் என்பனவற்றில் உயிர் நீண்டொலிக்கின்றது. அதனைக் காட்ட இரண்டு உயிரெழுத்துக்கள் எழுதப்படுகின்றன. இவை இரட்டுவதில்லை. திறமையைக் குறிக்கும் 'கிளெவர்' என்னும் சொல் ஈரசை உடையது, அதுவும் இரட்டுவதில்லை. துயரைக் குறிக்கும் 'சாட்' என்பது ஒப்புப் படியிலே டீ என்னும் எழுத்தை இரட்டும். ஆனால் 'சாட்னஸ்' என்னும்போது வரும் ஈறு மெய்யெழுத்தில் தொடங்குவதால் டீ ஒன்றே. கண்ணை, கண்கள் என்பனவற்றின் வேறுபாடே இது.

பவணந்தி முனிவர் சீயகங்கனின் வேண்டுகோளின்படி நன்னூலை இயற்றிய காலத்துக்குச் சற்று முன்னர், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஓர்ம் என்னும் துறவி ஒருவர் வாழ்ந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான அவர், விவிலியப் பகுதிகளுக்கு விளக்கமாக 'ஓர்முலும்' என்னும் நீண்ட செய்யுள் நூலை எழுதினார். அதிலே குற்றுயிரின் பின்வரும் மெய்யை ஒழுங்காக இரட்டித்தே எழுதிச் சென்றார். அவருடைய கையெழுத்துப் பிரதி இன்றும் ஒக்ஸ்ஃபோர்டிலே பேணப்படுகின்றது. நன்னூலார் விதித்தது தமிழ் நாவிலே வழங்கிய ஓசை. ஓர்ம் செய்தது வாசிப்போனின் கண்ணுக்கு ஓர் அடையாளம். இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் குறுகிய உயிரும் இரட்டித்த மெய்யும் ஒன்றோடொன்று இணைவன என்பதை இருவரும் கண்டனர்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. தமிழிலே இரட்டித்த ஒற்று செவிக்குக் கேட்கும். கல்லை என்பதில் லகரம் இரண்டையும் நா தொட்டுச் சொல்லும். ஆங்கிலேயர் 'பிக்கர்' என்பதை உச்சரிக்கும்போது ஜீயை ஒன்றாகவே ஒலிப்பர். எழுதும்போது மட்டும் இரண்டு இடுவர். அவ்விரண்டாம் எழுத்து, முன்னுள்ள உயிரைக் குறுக்கிச் சொல் என வாசிப்போனுக்கு அறிவிக்கும் காவலாள் போன்றது. பிந்தியது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் 'லேட்டர்' என ஒரு சொல்லும் 'லாட்டர்' என மற்றொரு சொல்லும் உண்டு. இரண்டும் 'லேட்' என்னும் ஒரே சொல்லின் ஒப்புப் படிகளாகவே தோன்றியவை. முன்னையதில் ரீ என்னும் எழுத்து ஒன்று, பின்னையதில் இரண்டு. ஓரெழுத்து மிகுந்ததும் நீண்ட உயிர் குறுகிவிடுகின்றது. எனவே ஆசிரியர் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுவே: தமிழில் வாய்க்காக இரட்டுகின்றோம், ஆங்கிலத்தில் கண்ணுக்காக இரட்டுகின்றோம், இரட்டும் இடமோ ஒன்றுதான்.

இரட்டித்தல் மட்டுமன்று, மற்றை விதிகளும் நமக்கு உறவினவே. இரு சொற்கள் புணரும்போது மாற்றம் எதுவுமின்றி இயல்பாகச் சேர்தலும், தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரம் அடைதலும் தமிழிலக்கணம் கற்ற ஒவ்வொருவரும் அறிந்தவை. ஆங்கில ஒப்புமைச் சொற்களின் எழுத்து முறையை இந்நான்கு பெட்டிகளுக்குள் அப்படியே அடுக்கிவிடலாம்.

உயரத்தைக் குறிக்கும் 'டோல்' என்பதன் ஈற்றிலே எல் என்னும் எழுத்து முன்னரே இரண்டாக நிற்கின்றது. 'ஸ்மோல்' என்பதும் அத்தகையதே. 'ஓல்ட்', 'ஃபாஸ்ட்' என்பனவற்றின் ஈற்றிலே வெவ்வேறு மெய்கள் இரண்டு உள. இவற்றோடு ஈறு இயல்பாகச் சேரும். பிக், தின், ஹொட் என்பனவற்றில் ஒரு மெய் மிகுந்து வருவதால் அவற்றைத் தோன்றலிலே வைக்கலாம். ஹாப்பி, ஈஸி, ஹெவி என்பனவற்றின் ஈற்றிலுள்ள வை என்னும் எழுத்து ஐ என்னும் எழுத்தாக மாறும். கல்லும் கள்ளும் சேர்ந்து கற்கள் ஆகும்போது லகரம் றகரமாவதைப் போன்ற திரிதல் இது. வைக்கு முன்னே உயிரெழுத்து நிற்குமாயின் இத்திரிபு இல்லை. சாம்பல் நிறத்தைக் குறிக்கும் 'கிறே' என்பது வையை இழக்காமலே ஈறு பெறும். நைஸ், வைட், லார்ஜ் என்பனவற்றின் ஈற்றிலுள்ள ஊமை ஈ, வரும் ஈக்கு இடம்விட்டு மறையும். பந்து என்பதோடு ஐ சேர்ந்து பந்தை என்றாகும்போது, ஈற்றுக் குற்றியலுகரம் வரும் உயிருக்கு இடம்விட்டு ஓடுகின்றதன்றோ? அதுவே இக் கெடுதல்.

சிறுபிள்ளைகளுக்கு இவ்விலக்கணப் பெயர்களைச் சொல்ல வேண்டுவதில்லை. கரும்பலகையிலே நான்கு வீடுகளை வரைந்து, 'இருந்தபடி இருந்தவர்', 'துணையோடு வந்தவர்', 'வேடம் மாறியவர்', 'விடைபெற்றுப் போனவர்' என்று பெயரிட்டால் போதும். ஒவ்வொரு சொல்லும் எந்த வீட்டுக்குரியது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்து எழுதுவர். ஒப்புப் படிக்கும் உச்சப் படிக்கும் மாற்றம் ஒன்றே. ஒருமுறை வீடு தெரிந்தாற் போதும், இருமுறை மனனஞ் செய்ய வேண்டியதில்லை.

எழுத்தைப் போலவே சொல்லின் அமைப்பிலும் ஓர் இடறு உண்டு. நாம் 'தென்னையிலும் பார்க்கப் பனை உயரம்' என்கின்றோம். இங்கே உயரம் என்னும் சொல் சிறிதும் மாறவில்லை. ஒப்பின் சுமையைத் தாங்குவது தென்னை என்னும் பெயர். அதன்மேலேதான் உருபு ஏறுகின்றது. நமது இலக்கண நூல்கள் இதனை ஐந்தாம் வேற்றுமையின் பாற்படுத்தின. ஆங்கிலமோ பண்புச் சொல்லின்மேலேயே அடையாளத்தை ஏற்றுகின்றது. ஆதலாற்றான் தமிழ்ப் பிள்ளை ஈற்றை மறந்து வெறும் 'டோல்' என்றே சொல்லிவிடுகின்றது. அல்லது திருத்தப்பட்ட பின்னர் அஞ்சி, 'மோர்' என்பதையும் ஈற்றையும் ஒருங்கே சேர்த்து 'மோர் டோலர்' என்கின்றது. மோர் என்றவுடன் பானையிலுள்ள மோரை நினைத்துச் சிரிக்கும் பிள்ளைகளிடம், 'குட்டிச் சொல்லுக்கு வால், நெட்டைச் சொல்லுக்கு மோர், இரண்டும் ஒருவருக்குக் கொடுப்பதில்லை' என்று விளையாட்டாகச் சொல்லி வைக்கலாம். அழகைக் குறிக்கும் 'பியூட்டிஃபுல்' போன்ற நெடுஞ்சொற்களுக்கு மோரும் 'மோஸ்ட்' என்பதும் முன்னே வரும். இவை நமது 'மிக' என்பதை ஒத்திருத்தலால் பிள்ளைக்கு எளிதில் வசப்படும்.

உச்சப் படியின் ஈறாகிய எஸ்டும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வடமொழியிலே உச்சப் படியைக் காட்டும் 'இஷ்ட' என்னும் ஈறும் ஆங்கில எஸ்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை வில்லியம் ஜோன்ஸ் 1786 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் எடுத்துரைத்த பின்னர், மொழிநூலார் கண்டு நிறுவிய ஒப்புமைகளுள் இதுவும் ஒன்று. நமது பல்கலைக்கழகங்களிலே 'சிரேஷ்ட விரிவுரையாளர்' உள்ளனர். பாடசாலைப் பெயர்ப்பலகைகளிலே 'கனிஷ்ட வித்தியாலயம்' என்றிருக்கக் காண்கின்றோம். சிரேஷ்ட என்பது எல்லாரினும் சிறந்தமையையும், கனிஷ்ட என்பது எல்லாரினும் இளமையையும் குறிக்கப் பிறந்த சொற்கள். பாட்டிமார் சினந்து சொல்லும் 'பாபிஷ்டன்' என்பதும் பாவிகளுட் கடைப்பட்டவனையே சுட்டும். தமிழின் சொந்த இலக்கணத்திலே இல்லாத உச்ச ஈறு, இரவற் சொற்களின் வாயிலாக நம் பெயர்ப்பலகையிலும் வசைமொழியிலும் குடியிருக்கின்றது. மேல்வகுப்பு மாணாக்கருக்கு இதனை எடுத்துச் சொன்னால் அவர்கள் முகம் மலரும்.

'குட்' என்பது 'பெட்டர்', 'பெஸ்ட்' என்றும், 'பாட்' என்பது 'வேர்ஸ்', 'வேர்ஸ்ட்' என்றும் ஆவன மட்டும் விதிக்கு அடங்காதன. இவற்றை மனனஞ் செய்தே ஆகவேண்டும். எனினும் பெஸ்ட், வேர்ஸ்ட், மோஸ்ட், லீஸ்ட் ஆகிய யாவும் எஸ், ரீ என்னும் ஈரெழுத்தோடு முடிவதைப் பிள்ளை கண்டுகொண்டால் மனப்பாரம் பாதியாகக் குறையும். 'நான்' என்பது 'நானை' ஆகாது 'என்னை' ஆவதைத் தமிழிலே இயல்பாக ஏற்றுக்கொண்ட பிள்ளை, ஆங்கிலத்தின் இச்சிறு முரண்களைக் கண்டு மருள வேண்டியதில்லை.

வகுப்பறையில் இதனை நடத்தும் முறைபற்றியும் சில சொல்லலாம். முதலிலே எழுத்து வேண்டாம், பொருள்கள் வேண்டும். மூன்று ஈர்க்குகள், மூன்று கூழாங்கற்கள், மூன்று பென்சில்கள் போதும். பிள்ளைகள் அவற்றை வரிசைப்படுத்தி வாயாற் சொல்லிப் பழகட்டும். சில நாட்களின் பின்னர் இருந்தபடி இருந்தவர் வீட்டிலிருந்து எழுத்தைத் தொடங்குதல் நன்று. அது உறுதியான பின்னரே இரட்டிக்கும் வீட்டுக்குச் செல்லவேண்டும். நான்கு விதிகளையும் ஒரே பாடவேளையிலே கொட்டிவிடுவது, நான்கு ஊர்ப் பஸ்களை ஒரே தரிப்பிடத்தில் ஒரே நேரத்தில் நிறுத்துவதை ஒக்கும். பிள்ளை எதிலே ஏறும்?

இரட்டுவதா இல்லையா என்று ஐயுறும் பிள்ளை மூன்று கேள்விகளைத் தன்னையே கேட்கப் பழகவேண்டும். சொல்லுக்கு ஒருமுறை கைதட்டினாற் போதுமா? அதனுள்ளே உயிரெழுத்து ஒன்றுதானா? அதன்பின் மெய்யும் ஒன்றுதானா? மூன்றுக்கும் 'ஆம்' என விடை வந்தால் இரட்டலாம். 'பிக்' என்பதற்கு மூன்றும் ஆம். 'கிளீன்' இரண்டாம் கேள்வியிலும், 'டோல்' மூன்றாம் கேள்வியிலும், 'கிளெவர்' முதற் கேள்வியிலும் விழுந்துவிடும். 'ஸ்லோ' என்பதன் ஈற்றிலுள்ள டபிள்யூ மட்டும் இச்சோதனைக்குப் புறம்பாக நின்று ஒருபோதும் இரட்டாது. தமிழிலும் ரகரமும் ழகரமும் தனிக்குறிலின் பின் ஒற்றாக நிற்பதில்லை. எந்த மொழிக்கும் இத்தகைய பிடிவாதக்கார எழுத்துக்கள் சில உண்டு.

திருத்தும்போதும் ஒரு பொறுமை வேண்டும். கிளீனரிலே என்னை இரட்டிய பிள்ளை கவனமற்ற பிள்ளையன்று. நேற்றுக் கற்ற விதியை இன்று பயன்படுத்திப் பார்த்த பிள்ளை அது. அதன் கொப்பியிலே கோடிழுத்துவிட்டு அப்பாற் செல்லாமல், 'எதனால் இரட்டினாய்?' என ஒருமுறை கேட்டால், அடுத்த பாடத்துக்கு வேண்டிய குறிப்பு ஆசிரியருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். ஒப்புமைச் சொற்களைக் கற்பிக்கும்போது பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, இவன் குட்டை, அவன் அவனிலும் குட்டை, இவள் தடிப்பு, அவள் எல்லாரிலும் கறுப்பு என்று எடுத்துக்காட்டுச் சொல்லும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அதனை ஒழித்துவிடுதல் நன்று. புள்ளிகளாலும் புலமைப்பரிசில் பரீட்சையாலும் ஒருவரோடொருவர் ஓயாது ஒப்பிடப்படும் பிள்ளைகளுக்கு அப்பாடம் இலக்கணமாகப் படாது. சொல்லின் எழுத்து மறந்துபோகும். சொன்ன சொல் மறவாது. ஈர்க்கும் கூழாங்கல்லும் எவ்வளவு ஒப்பிட்டாலும் வருந்துவதில்லை.

ஆறுமுக நாவலர் ஆங்கிலமும் அறிந்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். அவர் தம் மாணாக்கருக்காக நன்னூல் விதிகளை எளிய உரைநடையிலே இறக்கி இலக்கணச் சுருக்கத்தை எழுதி, அதனுள்ளே வினாக்களையும் அமைத்தார். சூத்திரத்துக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்ததே அவர் செய்த பெரும் பணி. ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பாடசாலையில், அடுத்தடுத்த அறைகளிலே, ஒருவர் பாடத்தை மற்றவர் அறியாமற் கற்பிக்கும் நிலை நம்மிடையே பெரிதும் உளது. ஒருவர் புணர்ச்சியைக் கற்பிக்கின்றார். மற்றவர் அதே புணர்ச்சியைப் புதிய பூதம்போலக் காட்டுகின்றார். இருவரும் ஒருநாள் இடைவேளையிலே கூடியிருந்து இரு மொழிகளின் விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாரேல், பிள்ளைகளின் பாரம் பெரிதுங் குறையும். இதற்குப் பணமோ புதிய பாடத்திட்டமோ வேண்டியதில்லை.

அப்பொழுது, 'பிக்கரிலே இரண்டாவது ஜீ எங்கிருந்து வந்தது?' என்று ஒரு சிறுமி கேட்பாளாயின், ஆசிரியர் தயங்காது விடையிறுக்கலாம்: 'நீ பஸ்ஸிலே வந்தாயல்லவா? அதுவும் அதே வழியாகத்தான் வந்தது.'